மடிப்பும் படிப்பும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் நான் பேச வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவேன் என்றே எண்ணியிருப்பார். அப்பொருளைப் பற்றி இம்மேடையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலரும் பேசியிருக்கிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். இன்று ஒரு வெற்றுத் தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யாருடைய கையும் படாமல் தன்னைத் தானே மடித்துக்கொள்ளும் தாளைப் பற்றியும், அத்தகைய தாளை விஞ்ஞானிகள் எவ்வாறு திட்டமிட்டு அமைக்கிறார்கள் என்பதைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

நான் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி. இப்பொருளில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஒரு மாணவி. மூன்றாண்டுகளுக்கு முன் கணித ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பைக் கவனிக்க நான் சென்றேன். பிள்ளைகள் அமைதியாக இருக்கட்டுமே என்று ஆளுக்கொரு பழைய தாளைக் கொடுத்துக் கப்பல் செய்யச் சொன்னேன். மற்றவர்கள் ஒரு கப்பலை முடிப்பதற்குள் அம்மாணவி கிழித்த தாள்களில் நான்கு கப்பல்களைச் செய்து வரிசையாக வைத்துவிட்டாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "எங்கள் அம்மா மளிகைக் கடைகளுக்குச் செய்தித்தாளில் பை மடித்து ஒட்டிக் கொடுக்கிறார்கள், ஐயா. இரவில் நானும் மடிப்பேன்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "இது கூலி வேலைதானே, ஐயா? இதில் படிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துக்கொண்டே, "அது வேறு, படிப்பு வேறு, அம்மா" என்று சொன்னேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதப் பிரிவில் சேர விரும்பிய அவளிடம், "அது கடினம், வேறு பிரிவைப் பார்" என்றும் சொன்னேன். இரண்டும் தவறு. அவள் கேட்ட கேள்விக்கு உரிய விடையைப் பின்னர்தான் தேடிப் படித்தேன். அந்த விடையே இன்றைய என் உரை.

முதலில் தாளை மடிக்கும் கலையைப் பார்ப்போம். சப்பானியர் இதனை ஓரிகாமி என்பர். 'ஓரி' என்றால் மடித்தல். 'காமி' என்றால் தாள். இக்கலையைக் குழந்தை விளையாட்டு என்ற நிலையிலிருந்து உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் அகிரா யோஷிஸாவா. 1911-இல் ஓர் உழவர் வீட்டில் பிறந்த அவர், பதின்மூன்று வயதிலேயே ஆலை வேலைக்குப் போனார். அங்கே புதிதாகச் சேர்ந்த தொழிலாளிகளுக்கு வடிவகணிதம் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தபோது, தாளை மடித்துக் காட்டியே பாடத்தை விளக்கினார். பின்னர் வேலையை விட்டு, வறுமையில் பல ஆண்டுகள் உழன்று, இக்கலையையே வாழ்வாகக் கொண்டார். எந்த மடிப்பு மேலெழும், எந்த மடிப்பு உள்ளிறங்கும் என்பதைப் புள்ளிக்கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் குறிக்கும் முறையை அவரே வகுத்தார். இன்று உலகெங்கும் மடிப்பு நூல்களில் காணும் குறிகளுக்கு அதுவே அடிப்படை. 1983-இல் சப்பானிய அரசு 'உதய சூரியன்' விருது அளித்து அவரைச் சிறப்பித்தது.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பின் வழியே வடிவகணிதப் பயிற்சிகளைக் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். மழலையர் பள்ளிகளில் கொடுக்கும் காகித மடிப்புப் பயிற்சியே இந்நூலை எழுதத் தம்மைத் தூண்டியதாக அதன் முன்னுரையில் அவர் கூறுகிறார். மழலையர் விளையாட்டிலிருந்து தொடங்கிச் சதுரம், ஐங்கோணம், நீள்வட்டம் வரை தாளை மடித்தே கொண்டு சென்றார். செர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதனைக் குறிப்பிட்டார். 1901-இல் சிகாகோவில் அதற்கு அமெரிக்கப் பதிப்பு வந்தது. 1936-இல் மார்கெரிட்டா பெலோக் என்ற இத்தாலியப் பெண்மணி, அளவுகோலும் கவராயமும் கொண்டு தீர்க்க இயலாத முப்படிச் சமன்பாடுகளையும் தாளை மடித்துத் தீர்க்கலாம் என்று காட்டினார். கவராயத்துக்கு எட்டாதது மடிப்புக்கு எட்டியது.

மாணவர்களே, உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரல் தாளை எடுங்கள். ஏதேனும் ஓரிடத்தில் ஒரு முறை மடியுங்கள். மடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, சாய்வாக இன்னொரு முறை மடியுங்கள். இப்போது விரியுங்கள். ஒரு புள்ளியில் நான்கு மடிப்புக் கோடுகள் கூடுவதைக் காண்பீர்கள். சில கோடுகள் மேடாக எழுந்திருக்கும். சில பள்ளமாக இறங்கியிருக்கும். எண்ணிப் பாருங்கள்: மூன்று ஒரு வகை, ஒன்று மறு வகை. எப்படி மடித்தாலும், தட்டையாக மடியும் தாளில் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள மேட்டு மடிப்புகளுக்கும் பள்ள மடிப்புகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டாகவே இருக்கும். இதனை மாயக்காவா தேற்றம் என்பர். அப்புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை வரும். இது கவாசாகி தேற்றம். தாள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அச்சட்டம் கணிதம்.

இச்சட்டங்களை அறிந்தவர்கள் தாளைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வேன். சப்பானிய விண்வெளிப் பொறியியலாளர் கோரியோ மியூரா, சாய்ந்த இணைகரங்களால் ஆன ஒரு மடிப்பு முறையை 1970-ஆம் ஆண்டையொட்டி முன்வைத்தார். அம்முறையில் மடித்த தாளின் எதிரெதிர் முனைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் ஒரே வீச்சில் விரியும். தள்ளினால் ஒரே வீச்சில் சுருங்கும். பரந்த பலகையைச் சிறு பொதியாக்கி ஏவுகலத்தில் ஏற்ற வேண்டிய விண்வெளித் துறைக்கு இது பெரும் வரமாயிற்று. 1995-இல் சப்பான் ஏவிய விண்கலம் ஒன்றில் இம்மடிப்பு விரித்துச் சோதிக்கப்பட்டது. 1996-இல் அமெரிக்க விண்வெளி ஓடம் அக்கலத்தை மீட்டுக் கொண்டுவந்தது.

இங்கேதான் அடுத்த கேள்வி பிறக்கிறது. தாளை மடிக்கக் கை வேண்டும். விண்வெளியில் கை எங்கே? மனிதனின் இரத்தக் குழாய்க்குள் கை எப்படி நுழையும்? மணலினும் சிறிய ஒரு பொறியை எந்த விரலால் மடிப்பது? கை செல்ல முடியாத இடத்தில் பொருளே மடிய வேண்டும். அல்லது பொருளே விரிய வேண்டும். இதற்குப் பயன்படுவனவற்றையே ஸ்மார்ட் பொருள்கள் என்கிறார்கள். வெப்பம், ஒளி, ஈரம், மின்சாரம் போன்ற ஒன்று தம்மைத் தொட்டால், முன்கூட்டியே வகுத்தபடி வடிவம் மாறும் பொருள்கள் இவை. இவற்றுக்குச் சிந்தனை உண்டு என்று யாரும் மயங்க வேண்டா. சிந்தனை வடிவமைத்தவருடையது, பொருள் அதனை நிறைவேற்றுகிறது.

இதனை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இதோ, சாதாரணத் தாளில் வெட்டிய ஒரு பூ. இதழ்களை எல்லாம் உட்புறமாக மடித்திருக்கிறேன். இத்தட்டிலுள்ள தண்ணீரின்மேல் வைக்கிறேன். பாருங்கள், இதழ்கள் மெல்ல விரிகின்றன. யாரும் தொடவில்லை. தாள் என்பது நார்களின் கூட்டம். மடிந்த இடத்து நார்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, மடிப்பு நிமிர்கிறது. நீர் தூண்டுகோல், நார் தசை, மடிப்புக் கோடு மூட்டு. நான் சொல்லப்போகும் பெரிய கருவிகள் யாவும் இம்மூன்றும் சேர்ந்தவையே.

இனி உலோகத்துக்கு வருவோம். அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் 1959-ஐ ஒட்டி நிக்கலும் டைட்டேனியமும் ஏறக்குறையச் சமமாகக் கலந்த ஓர் உலோகத்தை ஆராய்ந்தார். நிக்கல், டைட்டேனியம், அக்கூடத்தின் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு நிட்டினால் என்று பெயர் வைத்தார்கள். 1961-இல் நடந்த ஒரு கூட்டத்தில், விசிறி மடிப்பாக மடித்த அவ்வுலோகப் பட்டையைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், புகைக்குழாய் பற்றவைக்கும் லைட்டரின் சுடரை அதில் காட்டினார். பட்டை மடிப்பு நீங்கி நிமிர்ந்துவிட்டது. அவையினர் வியந்தனர்.

காரணம் அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. சூடான நிலையில் அணுக்கள் நேரான, உறுதியான அடுக்கில் நிற்கின்றன. குளிர்ந்தால் அவ்வடுக்கு சாய்ந்து, உலோகம் இளகி, வளைத்த வளைவுக்கு இசைகிறது. மறுபடி சூடேறினால் அணுக்கள் பழைய அடுக்குக்கே திரும்புகின்றன. உடன் வடிவமும் திரும்புகிறது. எந்த வடிவத்தை அது நினைவில் கொள்ள வேண்டும் என்பதை, அவ்வடிவத்திலேயே இறுகப் பிடித்து 500 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் வைத்துப் பழக்குவார்கள். எந்த வெப்பத்தில் விழிக்க வேண்டும் என்பதை நிக்கலின் அளவைச் சிறிது கூட்டியும் குறைத்தும் அமைப்பார்கள். உடலின் வெப்பமாகிய 37 பாகையிலேயே விழிக்குமாறும் செய்யலாம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கயோரி குரிபயாஷி, ஸோங் யூ முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வுலோகத் தகட்டில் ஓரிகாமி மடிப்புகளை இட்டு, சுருங்கிய நிலையில் செலுத்தி இரத்தக் குழாயினுள் தானே விரியக்கூடிய குழாய் ஒன்றை உருவாக்கிக் காட்டினர்.

பிளாஸ்டிக்கிலும் இதே வித்தை உண்டு. இழுத்து நீட்டிய நிலையிலேயே குளிர வைத்த பாலிஸ்டைரின் தகட்டைச் சூடாக்கினால், அது தன் பழைய அளவுக்குச் சுருங்கும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிக்கி குழுவினர், அத்தகைய தகட்டில் சாதாரண அச்சுப்பொறியால் கறுப்புக் கோடுகளை இட்டு, அகச்சிவப்பு விளக்கின் கீழ் வைத்தனர். 2011-இல் வெளிவந்த செய்தி இது. கறுப்பு நிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். எனவே கோடு விழுந்த இடம் மட்டும் சுருங்கி, மையிட்ட பக்கமாகத் தகடு மடிந்தது. கோட்டின் அகலத்தைக் கூட்டினால் மடியும் கோணமும் கூடியது. வெயிலில் கறுப்புக் குடை ஏன் சுடுகிறது என்று அறிந்த எவரும் இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இத்தகைய அமைப்பை வடிவமைப்பவர் என்னென்ன எண்ண வேண்டும் என்பதை முறையாகச் சொல்கிறேன். முதலாவது, மடிப்பு வரைபடம். வேண்டிய உருவம் எது, அதனைத் தட்டையாக விரித்தால் கோடுகள் எங்கெங்கே விழும் என்பதை முதலில் காண வேண்டும். இரண்டாவது, எது விறைப்பாக நிற்கும், எது வளையும் என்ற பிரிவு. பலகை விறைப்பாகவும் மூட்டு இளக்கமாகவும் இல்லாவிடில் தாள் முழுதும் சுருண்டு போகும். மூன்றாவது, தூண்டுகோல். வெப்பமா, நீரா, மின்சாரமா என்பதைப் பயன்படும் இடமே தீர்மானிக்கும். நான்காவது, வரிசை. பையின் அடியை மடிக்குமுன் பக்கத்தை மடிக்க வேண்டும் என்பது பை ஒட்டும் தாய்மார்களுக்குத் தெரியும். வரிசை மாறினால் ஒரு பலகை மற்றொன்றின் வழியை மறிக்கும். ஐந்தாவது, நிறுத்தம். உரிய கோணத்தில் மடிப்பு நிற்க வேண்டும். நின்றபின் கலையாதிருக்க வேண்டும்.

இவ்வைந்தும் நிறைவேறிய இரண்டு முயற்சிகளைக் கேளுங்கள். 2010-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி. நிறுவனமும் சேர்ந்து 32 முக்கோணத் துண்டுகளாலான ஒரு தகட்டைச் செய்தன. துண்டுகளுக்கிடையே வளையும் மூட்டுகள். மூட்டுகளின்மேல் நிட்டினால் பட்டைகள். மடிந்ததைப் பிடித்துக்கொள்ளச் சிறு காந்தங்கள். மின்சாரம் பாய்ந்து பட்டைகள் சூடேறின. தகடு படகாக மடிந்தது. அதே தகடு விமானமாகவும் மடிந்தது. ஆம், நம் பிள்ளைகள் மழைநீரில் விடும் அதே கப்பலும், வகுப்பில் எறிந்து அடி வாங்கும் அதே விமானமுந்தான்.

2014-இல் அதே நிறுவனங்களைச் சேர்ந்த சாம் ஃபெல்டன் முதலியோர் இன்னும் ஒரு படி சென்றனர். நடுவே செம்புக் கம்பிகள் பதித்த மின்சுற்றுத் தாள், அதன் இருபுறமும் காகிதம், அவற்றின் வெளிப்புறம் சுருங்கும் பாலிஸ்டைரின் என ஐந்தடுக்குத் தகடு ஒன்றைச் செய்தனர். அதன்மேல் இரண்டு மோட்டார்களும் மின்கலங்களும் வைக்கப்பட்டன. மூட்டுகள் வரிசைப்படி 100 பாகை செல்சியசை ஒட்டிச் சூடேற, ஏறத்தாழ நான்கே நிமிடங்களில் தட்டையான அத்தகடு கால்கள் கொண்ட ஒரு பொறியாக எழுந்து, யாரும் தொடாமல் ஊர்ந்து சென்றது. பிளாஸ்டிக் ஆறியதும் இறுகியதால் மடிப்புகள் கலையவில்லை.

இடர்கள் இல்லையா என்றால், பல உண்டு. தாளின் தடிமன் முதல் இடர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தாளை ஏழு முறை பாதி பாதியாக மடித்தால் 128 அடுக்காகும்; தடிமன் 12.8 மில்லிமீட்டராகிவிடும். கணித ஏட்டில் தாளுக்குத் தடிமன் இல்லை, தொழிற்கூடத்தில் உண்டு. எனவே கனத்த பலகைகளில் மூட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதே ஒரு தனிக் கலை. வலிமை அடுத்த இடர். சிறு தகட்டைத் தூக்கும் மூட்டு பெரிய பலகையைத் தூக்காது. நீளமும் அகலமும் தடிமனும் ஒருசேர இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஒருவழிப் பயணம் மூன்றாவது இடர். சுருங்கிய பாலிஸ்டைரின் தானே மீண்டும் விரியாது. நான்காவது இடர் கணக்கீடு. கொடுத்த மடிப்பு வரைபடம் தட்டையாக மடியுமா என்று பொதுவாக முடிவு செய்வது கணிப்பொறிக்கும் மிகக் கடினமான வகைக் கணக்கு என்று 1996-இல் பெர்ன், ஹேய்ஸ் என்ற இருவர் நிறுவினர். ஆகவே இத்துறை முடிந்துபோன துறையன்று. இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் அதில் இடம் மிச்சமிருக்கிறது.

அன்பர்களே, நான் குறிப்பிட்ட இரண்டு முயற்சிகளிலும் பங்கு கொண்டவர் எரிக் டெமெய்ன் என்ற கணினி அறிவியல் பேராசிரியர். 1981-இல் பிறந்த அவர், சிறுவயதில் பள்ளிக்குச் செல்லாமல், ஊர் ஊராகச் சென்ற தந்தையிடமே கற்றார். தந்தை மார்ட்டின் டெமெய்ன் கல்லூரிப் பட்டம் இல்லாத கைவினைக் கலைஞர். மகன் இருபது வயதில் முனைவர் பட்டம் பெற்று, 2001-இல் எம்.ஐ.டி.யில் பேராசிரியப் பணி ஏற்றார். தந்தையும் மகனும் சேர்ந்தே மடிப்புக் கணிதத்தில் ஆய்வுக் கட்டுரைகளை எழுதினர். தந்தையின் கையும் மகனின் கணிதமும் ஒரே கட்டுரையில் கையொப்பமிட்டன.

நம் சமூகத்தில் அவ்வாறு நிகழவில்லை. கை வேலை ஒரு சாராருக்கு, ஏட்டறிவு மறு சாராருக்கு என்று பிரித்து வைத்தார்கள். தோலை வெட்டி மடித்துத் தைத்தவனுக்கும், ஓலையை மடித்துக் கூடை முடைந்தவளுக்கும் கோணமும் அளவும் தெரியாமலா அவ்வேலை நடந்தது? தெரிந்தது, ஆனால் அதற்கு அறிவு என்ற பெயர் கொடுக்கப்படவில்லை. கூலி என்ற பெயரே கொடுக்கப்பட்டது. அதைவிடப் பெருங்கேடு ஒன்றுண்டு. படித்து மேலே வந்த நாமும் அதே பெயரைத்தான் கொடுக்கிறோம். அந்த மாணவியிடம் "அது வேறு, படிப்பு வேறு" என்று சொன்னது மேல்சாதிக்காரர் எவருமல்லர், நான்தான்.

தாய்மார்கள் தவறாக எண்ணிக்கொள்ள வேண்டா. பிள்ளைகளை இரவெல்லாம் பை மடிக்க வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலையிலே கணிதம் இருக்கிறது என்பதால் வேலையே பள்ளியாகிவிடாது. கையிலிருக்கும் அறிவுக்குப் பெயரும் சூத்திரமும் வரைபடமும் கிடைக்கும் இடம் பள்ளி. அது கிடைக்காவிடில் தாய் மடித்த பையை மகளும் மடிப்பாள். கிடைத்தால், மனித இதயத்துள் விரியும் குழாயை மகள் வடிவமைப்பாள். இரண்டுக்கும் இடையே இருப்பது விரல்களின் வேறுபாடு அன்று, வாய்ப்பின் வேறுபாடே.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலைநேரப் பாட வகுப்பில் வாரம் ஒரு நாள் மடிப்புக்கு ஒதுக்குங்கள். செலவு, பழைய தாளும் ஒரு தட்டுத் தண்ணீரும். மாயக்காவா தேற்றத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கோணமானியால் அளந்து கவாசாகி தேற்றத்தைச் சரிபார்க்கட்டும். எந்தத் தாளில் பூ விரைவாக விரிகிறது, எதில் தாமதமாகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். அதுவே ஆராய்ச்சியின் முதற்படி. கணித ஆசிரியர் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். ஒரு பிள்ளை கடினமான பாடத்தைக் கேட்டால், "உன்னால் முடியுமா?" என்று கேட்பதற்குமுன், "இவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

என் அறிவுரையைக் கேளாமல் அம்மாணவி கணிதப் பிரிவில்தான் சேர்ந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். நான் இப்போது தண்ணீரில் விட்ட பூவை வெட்டி மடித்துக் கொடுத்தவளும் அவளே. தாயாருடன் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறாள். மூன்றாண்டுகள் கழித்து அவளுக்கு விடை சொல்கிறேன். அம்மா, நீ கேட்ட வேலையில் படிப்பு இருக்கிறது. நிரம்ப இருக்கிறது. அன்று அதனை அறியாதவன் நான்தான்.